மஞ்சள் காமாலை: கீழாநெல்லியும் பத்தியமும் எதுவரை?

மழைக்காலம் தொடங்கி, குழாயில் கலங்கல் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டால் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவருக்காவது மஞ்சள் காமாலை வந்துவிடுகிறது. கண் மஞ்சளாகத் தெரிந்த அன்றே வீட்டில் உப்பு நிற்கும், எண்ணெய் நிற்கும், மீனும் கறியும் நிற்கும். பக்கத்து ஊரில் "காமாலைக்கு மருந்து கொடுப்பவர்" ஒருவர் இருப்பார். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் அவர் தரும் பச்சிலையைக் குடித்துவிட்டு வருவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலோர் தேறியும் விடுவார்கள்.

அதே ஊரில் அதே மருந்தைக் குடித்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணோ, ஒரு இளைஞரோ நினைவு தடுமாறிய நிலையில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுவதும் உண்டு. "இன்னும் நான்கு நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால்..." என்று மருத்துவர் சொல்லும் வார்த்தை அந்தக் குடும்பத்தின் காதில் வாழ்நாள் முழுதும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதும் அல்ல. ஈரலுக்கு வைரஸ் நோய் வந்திருக்கும்போது இயற்கையான வழிகளில் எது உண்மையில் உதவும், எது உதவாவிட்டாலும் கெடுதல் செய்யாது, எது ஈரலையே கெடுக்கும், எந்த அறிகுறி வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

காமாலை ஒரு நோய் அல்ல, ஓர் அறிகுறி

நம் உடலில் பழைய சிவப்பணுக்கள் அன்றாடம் அழிகின்றன. அப்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். அதைப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புவது ஈரலின் வேலை. ஈரல் தளர்ந்தாலோ, பித்தக் குழாய் அடைபட்டாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலோ அந்த மஞ்சள் இரத்தத்தில் தங்கிவிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுகெண்ணெய் போல் இறங்கும்.

ஆகவே "காமாலை" என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பித்தப்பைக் கல், கணையப் புற்று, காசநோய் மாத்திரையால் வரும் ஈரல் அழற்சி, மழைக்காலத்தில் வரும் எலிக்காய்ச்சல் எல்லாமே கண்ணை மஞ்சளாக்கும். எலிக்காய்ச்சலுக்கு உடனே ஆன்டிபயாடிக் தர வேண்டும். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தால் அதை எடுத்தாக வேண்டும். எந்தக் காமாலை என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சிலையைக் கொடுப்பதுதான் முதல் தவறு. முதல் நாளே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐந்து வைரஸ்கள், இரண்டு பாதைகள்

ஈரலைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஹெபடைடிஸ் ஏ, பி, சி, டி, ஈ. அவை பரவும் பாதைகள் இரண்டு.

ஏ, ஈ இரண்டும் நோயாளியின் மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக வாய்க்குள் போகின்றன. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லியில் யமுனை ஆற்றுக் குடிநீரில் சாக்கடை கலந்தபோது சுமார் 29 ஆயிரம் பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. இந்த இரண்டும் பெரும்பாலும் தாமாகவே குணமாகிவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கு, ஹெபடைடிஸ் ஈ மிகக் கொடியது. அவர்களில் நான்கு அல்லது ஐந்து பேருக்கு ஒருவர் வரை உயிரிழக்க நேரிடலாம்.

பி, சி, டி மூன்றும் இரத்தம், உடல் திரவங்கள் வழியாகப் பரவுகின்றன. டி தனியாக வராது, பி இருப்பவரைத்தான் தொற்றும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு, சுத்தம் செய்யாத ஊசி, பிளேடு, சவரக்கத்தி மூலம், தாம்பத்திய உறவு மூலம் பி பரவும். பி, சி இரண்டும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருந்து ஈரலைச் சுருக்கி, சிலருக்குப் புற்றிலும் கொண்டு விடும். இந்தியாவில் சுமார் 3 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி உடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மிகப் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

"மருந்து குடித்தார், குணமாயிற்று" என்பது ஏன்?

ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வந்தால், நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே வைரஸை விரட்டிவிடுகிறது. காமாலை இரண்டு முதல் ஆறு வாரங்களில் இறங்கிவிடும். களைப்பு மட்டும் இன்னும் சில வாரங்கள் இழுக்கும். ஈரலுக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் வளரும் ஆற்றல் வியப்பானது. ஈரல் தானம் செய்தவரிடமிருந்து ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்தாலும் சில மாதங்களில் மீதமுள்ளது வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவை எட்டிவிடுகிறது.

ஆகவே இந்தக் காமாலையில் யார் எதைக் குடித்தாலும், ஒன்றும் குடிக்காவிட்டாலும், நூற்றில் மிகப் பெரும்பாலோர் தேறுவார்கள். கடைசியாக எதைக் குடித்தார்களோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். பச்சிலை வைத்தியரின் நற்பெயருக்கு இதுதான் பெரிய காரணம். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவரும் அதை உண்மையாகவே நம்புகிறார்.

ஹெபடைடிஸ் பி-யிலும் இதே கதைதான். வளர்ந்த ஒருவருக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஆறு மாதத்துக்குள் அது தானே நீங்கிவிடும். இப்படி நீங்கிய ஒருவர் ஏதோ ஒரு லேகியம் சாப்பிட்டிருந்தால், "பி-யையே போக்கிய மருந்து" என்று அது ஊரெங்கும் பேசப்படும். ஆனால் பிறக்கும்போதே தொற்று வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நீடித்து நின்றுவிடுகிறது. அவர்களிடம் அந்த லேகியம் பலிப்பதில்லை. பலிக்காத கதையை யாரும் வந்து சொல்வதும் இல்லை.

கீழாநெல்லி: சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி

கீழாநெல்லியை அறிவியல் உலகம் ஒதுக்கிவிடவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் பாருக் பிளம்பர்க். அவர் பிறந்த நாளான ஜூலை 28 அன்றுதான் உலக ஹெபடைடிஸ் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவரும் இந்தச் செடியில் ஆர்வம் கொண்டு ஆய்வுகளில் பங்கேற்றார். 1988-ல் சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர் நடத்திய ஆய்வு புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் வந்தது. பி வைரஸ் உள்ளவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் காணாமல் போயிற்று. வெற்றுப் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆயிற்று. அந்நாளில் இது உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த செய்தி.

ஓர் ஆய்வின் முடிவு உண்மையா என்று அறிய, பிற இடங்களிலும் அதைச் செய்து பார்ப்பது வழக்கம். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அங்கே அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னர் 2011-ல் இது பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-க்குப் பலன் தருகிறது என்று நம்பத் தகுந்த சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தார்கள்.

அப்படியானால் கீழாநெல்லி குடிக்கவே கூடாதா? சாதாரணக் காமாலையில், மருத்துவப் பரிசோதனையும் கண்காணிப்பும் நடந்துகொண்டிருக்கும்போது, ஓரிரு வாரம் மோரில் அரைத்துக் குடிப்பதால் பெரிய கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, செடி அதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். கீழாநெல்லியைப் போலவே இருக்கும் செடிகள் பல உண்டு.

இரண்டாவது, பறித்த இடம். சாக்கடை ஓரத்தில் முளைத்ததைப் பறித்து, கொதிக்க வைக்காத தண்ணீரில் கழுவி அரைத்துப் பச்சையாகக் குடித்தால், எந்த வைரஸுக்காக மருந்து சாப்பிடுகிறோமோ அதே வைரஸ் மருந்தோடு உள்ளே போகும்.

மூன்றாவது, பெயரில்லாத பொடிகள். "காமாலைப் பொடி" என்று பொட்டலம் கட்டித் தருவதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. முறையாகச் செய்யப்படாத பற்பம், செந்தூரங்களில் ஈயமும் பாதரசமும் மிஞ்சி நிற்கலாம். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகளை அவரிடமும் காட்டுங்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. கர்ப்பிணிகளும், ஏற்கெனவே பி, சி-க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

மற்ற மூலிகைகள்

கருஞ்சீரகமும் தேனும் நம் சமுதாயத்தில் மதிப்போடு பயன்படுத்தப்படுபவை. உணவில் சேர்க்கும் அளவில் கருஞ்சீரகத்தால் தொல்லை இல்லை. அதை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் வைரஸை நீக்கும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. தேன், குமட்டலில் சாப்பிட முடியாதவருக்கு எளிதில் சக்தி தரும். சர்க்கரை நோயாளிகள் அளவு பார்க்க வேண்டும். மருத்துவம் செய்துகொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தவே செய்கிறது. ஆகவே தேனும் கருஞ்சீரகமும் சாப்பிடுகிறவர் மருத்துவமனைக்கும் போவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

மஞ்சள் குழம்பில் போடும் அளவில் நல்லது. ஆனால் மஞ்சளின் சாரத்தை மிளகுச் சாரத்துடன் செறிவாக்கி அடைத்த கேப்ஸ்யூல்களால் ஈரல் அழற்சி வந்தவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். சீந்தில் கொடியும் அப்படித்தான். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று அதைத் தொடர்ந்து குடித்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அதிமதுரத்தை நாள்தோறும் அதிகம் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மருந்துக் கடையில் "ஈரல் டானிக்" என்று கிடைக்கும் சிலிமரின் ஒரு முட்செடியின் விதைச் சாறு. அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் அதை அதிக அளவில் கொடுத்துப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. விலை கொடுத்து அதை வாங்கும் பணத்தில் நோயாளிக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்.

இன்னொன்றும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். அரிஷ்டம், ஆசவம் என்ற பெயரில் வரும் மருந்துகளில் புளிப்பதால் உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. மார்க்கத்தில் அதற்குரிய சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அழற்சி கண்ட ஈரலுக்கு ஆல்கஹால் எந்த உருவில் வந்தாலும் சுமைதான்.

சூடு போடுவது, கண்ணில் சாறு விடுவது, பேதிக்குக் கொடுப்பது ஆகிய மூன்றையும் அடியோடு விட்டுவிட வேண்டும். சூட்டுப் புண் சீழ் பிடிக்கும், கண்ணில் விடும் சாறு பார்வையைக் கெடுக்கும், வாந்தியால் ஏற்கெனவே வறண்ட உடலில் பேதி மருந்து இன்னும் நீரை இழக்கச் செய்யும். சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவ வைத்து "பார், மஞ்சள் இறங்குகிறது" என்று காட்டும் வித்தையும் சில இடங்களில் உண்டு. கையில் முன்பே தடவிய தாவரச் சாறு சுண்ணாம்போடு சேர்ந்து மஞ்சளாகிறது. இரத்தத்தில் உள்ள மஞ்சள் உள்ளங்கை வழியாக வெளியே வராது.

பத்தியம்: எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது

நோயாளியின் ஈரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறது. அதற்குச் சக்தியும் புரதமும் வேண்டும். அந்த நேரத்தில் உப்பில்லாத வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து இரண்டு மாதம் வாட்டி எடுப்பது, வீடு கட்டுகிறவருக்குச் செங்கல் தராமல் நிறுத்துவது போலத்தான்.

உப்பு: வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கால் வீங்கியிருந்தாலோ மட்டும் மருத்துவர் சொல்லும் அளவுக்குக் குறைக்க வேண்டும். மற்றவர்களுக்கு வழக்கமான உப்பு தேவை. வாந்தி எடுப்பவருக்கு உப்பையும் நிறுத்தினால் சோடியம் குறைந்து மயக்கம் வரும்.

எண்ணெய்: பொரித்ததும் நெய் மிதப்பதும் குமட்டலைக் கூட்டும் என்பதால் தள்ளி வைக்கலாம். தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுவதால் ஒன்றும் ஆகாது.

புரதம்: பாசிப்பருப்பு, தயிர், மோர், அவித்த முட்டை, குழம்பில் வெந்த மீன், தோலில்லாத கோழி எல்லாம் கொடுக்கலாம். "முட்டையும் மீனும் ஆகாது" என்பதற்கு அடிப்படை இல்லை.

நேரம்: இந்த நோயில் காலையில் பசி இருக்கும், பொழுது சாயச் சாயக் குமட்டல் கூடும். ஆகவே காலை உணவை நிறைவாகக் கொடுங்கள். இட்லி, இடியாப்பம், அவித்த முட்டை, பழம் என்று இருக்கட்டும். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

நமக்குப் பழக்கமான நோன்புக் கஞ்சி இதற்கு அருமையான உணவு. பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், பூண்டு, இஞ்சி போட்டு, எண்ணெயும் காரமும் குறைத்துக் குழைய வேக வைத்தால் சக்தியும் புரதமும் நீரும் ஒன்றாகக் கிடைக்கும். மல்லி, புதினா வாசம் குமட்டலுக்கும் இதம்.

கரும்புச் சாறு: காமாலைக்கு நல்லது என்று தெருவோரத்தில் வாங்கிக் கொடுக்கிறோம். கரும்பு சர்க்கரையைத் தரும், அவ்வளவுதான். அந்த இயந்திரமும் ஐஸும் ஈயும் சேர்ந்து எதைத் தரும் என்பதை நினைத்துப் பாருங்கள். இளநீரைக் கண் முன்னே வெட்டிக் குடிப்பது மேல்.

காபி: நீடித்த ஈரல் நோய் உள்ளவர்களில் காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பி, சி உள்ளவர்கள் காபி ஒத்துக்கொண்டால் சர்க்கரை குறைத்து நாளுக்கு இரண்டு கோப்பை குடிக்கலாம். கடும் காமாலையில் குமட்டலோடு இருப்பவருக்கு இது பொருந்தாது.

தேறிய பிறகு உடல் எடையையும் கவனிக்க வேண்டும். கொழுப்பு படிந்த ஈரலில் பி, சி வைரஸ்கள் செய்யும் சேதம் கூடுகிறது. இனிப்புப் பானங்களைக் குறைப்பதும், நாளுக்கு அரை மணி நேரம் நடப்பதும் எந்த மூலிகையைவிடவும் சான்றுள்ள "இயற்கை மருத்துவம்".

ஓய்வு, அரிப்பு, காய்ச்சல் மாத்திரை

உடல் கேட்கும் அளவு ஓய்வு போதும். படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டியதில்லை. தேறும் வரை கடும் வேலையும் இரவு விழிப்பும் வேண்டாம். உடல் அரித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, தேங்காய் எண்ணெய் தடவி, பருத்தித் துணி உடுத்தலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிப்பு தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் அதற்கு மருந்து உண்டு.

காய்ச்சலுக்கு நாமாக மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து. பாரசிட்டமால் அளவு மீறினால் நல்ல ஈரலையே கெடுக்கும். அழற்சி கண்ட ஈரலுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கண் மஞ்சளானால் அன்றே சிகிச்சை தரும் மையத்துக்குச் சொல்ல வேண்டும்.

நோன்பு

ரமலானில் காமாலை வந்தால் "எப்படியாவது நோன்பை முடித்துவிடுகிறேன்" என்று பலர், குறிப்பாகப் பெண்கள், பிடிவாதமாக இருப்பார்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. கடும் காமாலையில் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைந்திருக்கும். நீண்ட நேரம் உண்ணாமல் குடிக்காமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். நலமான பின் களாச் செய்துகொள்ளலாம். பி வைரஸ் இருந்தும் ஈரல் நன்றாக இருப்பவர்கள் பெரும்பாலும் நோன்பு வைக்கலாம். ஈரல் சுருங்கியவர்கள் மருத்துவரையும் ஆலிமையும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், எந்த மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

- பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சு குழறுவது, ஆளை மாற்றிச் சொல்வது, காரணமில்லாத கோபம்
- நிற்காத வாந்தி, தண்ணீர்கூடத் தங்காத நிலை
- பல் ஈறில், மூக்கில் இரத்தம், கறுப்பு மலம், தோலில் இரத்தத் திட்டு
- வயிறு வீங்குவது, சிறுநீர் குறைவது
- குளிருடன் கடும் காய்ச்சலும் வலது மேல் வயிற்றில் கடும் வலியும்
- இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் ஏறிக்கொண்டே போவது

கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

பரிசோதனைச் சீட்டில் எல்லோரும் பிலிருபினையும் எஸ்.ஜி.பி.டி.யையும் மட்டும் பார்க்கிறோம். அவற்றைவிட முக்கியம், இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இது ஒன்றுக்கு அருகில் இருக்க வேண்டும். ஒன்றரையைத் தாண்டினால் ஈரல் தன் வேலையைச் செய்யத் தவறுகிறது என்று பொருள். எஸ்.ஜி.பி.டி. வேகமாக இறங்கி, அதே நேரத்தில் ஐ.என்.ஆர். ஏறினால் அது குணமாவதன் அடையாளம் அல்ல. அழிவதற்கு ஈரல் அணுக்கள் மீதமில்லை என்பதன் எச்சரிக்கை.

வளைகுடா மெடிக்கலில் "பாசிட்டிவ்" வந்தால்

நம் இளைஞர்கள் பலருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது முதன்முதலில் தெரிவது வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான். விசா நின்றுவிடும். வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும். அந்த நேரத்தில்தான் "மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன்" என்று ஒருவர் வந்து நிற்பார். பல்லாயிரம் ரூபாய் கைமாறும். மூன்று மாதம் கழித்தும் பாசிட்டிவ்தான்.

உண்மை இதுதான். நீடித்த பி தொற்று மருந்தில்லாமலே ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத் தானே நீங்கலாம். மற்றவர்களிடம் அதை அடியோடு நீக்கும் மருந்து இன்று சித்தாவிலும் இல்லை, யுனானியிலும் இல்லை, அலோபதியிலும் இல்லை. ஆனால் வைரஸை அடக்கி வைத்து ஈரலைக் காக்கும் மாத்திரை உண்டு. டெனோஃபோவிர் போன்ற அந்த மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. வைரஸின் அளவு, எஸ்.ஜி.பி.டி., ஈரலின் நிலை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். தேவைப்படாதவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் யாரோ சொன்னார் என்று நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. அடங்கியிருந்த வைரஸ் சீறிக் கிளம்பி, சில வாரங்களில் ஈரலைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஹெபடைடிஸ் சி-யின் நிலை வேறு. பன்னிரண்டு வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முற்றிலும் குணமடைகிறார்கள். குணமாகும் நோய்க்கு மூலிகை தேடி ஆண்டுகளை வீணாக்கக் கூடாது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

குடும்பமும் மஹல்லாவும் செய்ய வேண்டியவை

பி பாசிட்டிவ் என்று தெரிந்ததும் தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்கி வைக்கும் வீடுகள் உண்டு. அது தேவையே இல்லை. ஒரே சஹனில் அமர்ந்து உண்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, ஒரே ஸஃப்பில் நின்று தொழுவதாலோ பி-யும் சி-யும் பரவாது. சவர பிளேடு, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவற்றைத்தான் தனியாக வைக்க வேண்டும். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார் அனைவரும் பரிசோதித்து, நெகட்டிவ் என்றால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நிக்காஹுக்கும் இது தடையல்ல. மறைக்காமல் சொல்லி, துணைவருக்குத் தடுப்பூசியை முன்கூட்டியே முடித்துவிட்டால் போதும்.

கர்ப்பிணிக்கு பி இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், அதோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கலாம்.

ஹிஜாமாவுக்கும், சுன்னத்துக்கும், காது குத்துக்கும், உம்ராவுக்குப் போய் முடி இறக்கும்போதும் புதிய பிளேடா என்று கேளுங்கள். பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஏ, ஈ காமாலை வந்த வீட்டில் கழிப்பறைக்குப் பின்னும் சமைப்பதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே பெரிய மருந்து. குடிநீரைக் குமிழியிட்டுக் கொதிக்க வைத்து ஆற வையுங்கள். நோயாளி தேறும் வரை பிறருக்குச் சமைக்க வேண்டாம். தெருவில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று பொருள். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ உடனே எழுதிக் கொடுங்கள். பள்ளிவாசல் ஹவுளை முறையாகக் கழுவிக் குளோரின் இடுவதும் நிர்வாகிகளின் பொறுப்பு. ஒளுவில் அந்தத் தண்ணீரைத்தான் வாயில் விட்டுக் கொப்பளிக்கிறோம். கந்தூரி, வலீமா விருந்துகளில் குடிக்க வைக்கும் தண்ணீருக்கும் இதே அக்கறை தேவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகத் தெரிந்தால், பச்சிலைக்கு ஆள் அனுப்பும் அதே நேரத்தில் இரத்தப் பரிசோதனைக்கும் ஆள் அனுப்புங்கள். என்ன காமாலை என்பது தெரிந்த பிறகு கஞ்சியும் ஓய்வும் மோரும் தங்கள் வேலையைச் செய்யட்டும். அந்த ஒரு நாள் பரிசோதனை பலருக்கு மனநிம்மதியைத் தரும். சிலருக்கு, இன்ஷா அல்லாஹ், உயிரையே காக்கும்.